ஊஞ்சலுக்கு மேலே தேன்கூடு: அப்புத்தளைப் பக்கத்து விடுமுறை வீட்டில் நடந்தது

ஓர் ஆகஸ்ட் பள்ளி விடுமுறை. கொழும்பு வெள்ளவத்தையைச் சேர்ந்த மூன்று குடும்பங்கள், போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தோடு ஒட்டி வந்த வார இறுதிக்காக மலைநாட்டில் அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்தன. பதினொரு பேர். இரண்டாம் நாள் பின்னேரம் அவர்களில் ஐந்து பேர் வைத்தியசாலையில் இருந்தார்கள். ஒருவர் மயிரிழையில் தப்பினார். வீட்டின் உரிமையாளர் பம்பலப்பிட்டியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. தங்கியவர்களும் அவரும் தொலைபேசியில் ஒருவரையொருவர் குற்றம் சொல்லி ஓய்ந்த பிறகு, தொழிற்சாலை விபத்துகளை விசாரித்து எழுதிய பழக்கம் எனக்கு இருப்பதால், இரண்டு பக்கத்தையும் கேட்டு எழுதித் தரச் சொன்னார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வாட்சரோடும் பேசினேன். பெயர்களை மட்டும் விட்டிருக்கிறேன்.

வீடும் காடும்

தேயிலைத் தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவருக்காகக் கட்டிய வீடு. தகரக் கூரை, கணப்பு அடுப்பு, முன்னால் கண்ணாடி போட்ட விறாந்தை. முற்றத்தில் ரோஜாவும் ஹைட்ரேஞ்சியாவும். பின்பக்கம் மரக்கறிப் பாத்தி, இரண்டு மரத்தக்காளி, ஒரு பேரி மரம். தோட்டம் முடிகிற இடத்தில் வேலி இல்லை. புல் அப்படியே சரிந்து மரக்காட்டுக்குள் போய்விடும். காடு என்றால் சிங்கராஜ மாதிரி இயற்கைக் காடு இல்லை. தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு விறகு வேண்டுமென்று தோட்டங்கள் நட்டு வளர்த்த யூக்கலிப்டஸ், அங்குள்ளவர்கள் சொல்கிற டர்பன்டைன் மரம். நடுவில் கொஞ்சம் பைனஸ். பல மரங்கள் முப்பது மீற்றருக்குக் குறையாது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகும், ஆகவே யாரும் பார்ப்பதில்லை.

காட்டு ஓரத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு வலை ஊஞ்சல். அதற்குக் கொஞ்சம் தள்ளி, கல் அடுக்கிய பார்பிகியூ அடுப்பு. வீட்டின் விளம்பரப் படங்களில் முதலில் வருவது இந்த ஊஞ்சல்தான், வீடு நான்காவதாகத்தான் வரும். கொழும்பில் சீமெந்து மாடிகளுக்கு நடுவே இருந்து அந்தப் படத்தைப் பார்க்கிற எவருக்கும் கை தானாக முன்பதிவுக்குப் போகும். நானும் போட்டிருப்பேன்.

அப்புத்தளை இருக்கும் ஊவா மாகாணத்தில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம், காற்றுக் காலம். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுகிற பருவமும் அதுதான். கொழும்பில் வியர்த்து வழிகிறவர்களுக்கு அந்த மாதங்களில் அங்கே போய் இருப்பது பெரிய சுகம். பெருந்தேனீக்களும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பூக்கிற பருவத்தைத் தேடி மலைக்கும் தாழ்நிலத்துக்குமாக இடம் மாறும். வசதியான மரம் என்று கண்டுவிட்டால் அடுத்த பருவமும் அதே மரத்துக்கு, சில நேரம் அதே கிளைக்கே வரும். இந்த வீட்டுக்கு மேலிருந்த கிளை அப்படிப்பட்டது. வாட்சர் பல வருடமாகப் பார்த்து வருகிறார்.

சொன்னார், ஆனால் யாரிடம்

அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, பிறகு பெரகலையில் ஏற்றம். ஒரு வானும் ஒரு காரும். வான் பின்னேரம் இரண்டு மணியளவில் வந்து சேர்ந்தது. கார் அப்புத்தளையில் பிரிந்து ஆதிஷம் பங்களாவுக்குப் போனது. 1931இல் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய வீடு, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். கொழும்புக்காரர் அங்கே போவது பெரும்பாலும் ஜாம் போத்தலுக்காக. இவர்களும் அதற்காகத்தான். கார் வந்து சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது.

வானில் வந்த மூத்த மருமகன்தான் பதிவு செய்தவர். அவர் மிச்சக் காசைக் கொடுத்து, சுடுநீர் எந்தக் குழாயில் வரும், ஜெனரேற்றர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வாட்சர் சொல்லியிருக்கிறார்:

"ஐயா, அந்த ஊஞ்சல் பக்கம் பிள்ளைகள ரொம்ப விடாதீங்க. மேல குளவி கட்டியிருக்கு."

மருமகன் இதை மறுக்கவில்லை. "சொன்னவர்தான். நான் எங்கட வீட்டு யன்னல் மூலையில கட்டுறது மாதிரி நினைச்சன். ஒரு தும்புத்தடியால தட்டி விடுற சாமான் எண்டு." அவர் மனைவியிடம் சொல்ல நினைத்து, பெட்டி இறக்குகிற அவசரத்தில் விட்டுவிட்டார். காரில் வந்த ஐந்து பேரின் காதுக்கு அது போகவே இல்லை. அடுத்த நாள் காயப்பட்ட ஐவரில் நால்வர் காரில் வந்தவர்கள்.

இன்னொன்றும் உண்டு. "ரொம்ப விடாதீங்க" என்று சொன்னதற்கு வாட்சரிடம் காரணம் இருந்தது. ஊஞ்சலைக் கட்டியது உரிமையாளர். விளம்பரத்தில் முதல் படமாக இருக்கும் இடத்துக்குப் போகவே கூடாது என்று விருந்தாளியிடம் சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. "டீச்சரம்மா கோவிச்சுக்குவாங்கன்னு பயந்தேன்" என்றார். முந்தைய வருடம் ஒருமுறை டீச்சரிடம் கூட்டைப் பற்றிச் சொன்னாராம். டீச்சருக்கும் ஞாபகம் இருக்கிறது. "தேன் எடுக்கலாமா எண்டு கேட்டனான்" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. இந்த வழக்கில் நான் அதிக நேரம் செலவழித்தது இந்த இடத்தில்தான். ஆபத்தைக் கண்ணால் பார்த்தவரிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் நூற்றெழுபது கிலோமீற்றருக்கு மேல் தள்ளி, அண்ணாந்து பார்க்காத இடத்தில் இருந்தார். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது.

மேலே இருந்தது என்ன

வாட்சர் குளவி என்றது பெருந்தேனீயை. பத்திரிகைகளில் "தோட்டத் தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்கு" என்று அடிக்கடி வருகிற செய்திகளில் பாதிக்கு மேல் இந்தப் பெருந்தேனீயாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். சிங்களத்தில் பம்பரா. பெட்டியில் வளர்க்கும் தேனீயை விடப் பெரிது. பொந்துக்குள் கட்டாது. உயரமான கிளையிலோ பாறை நெற்றியிலோ நீர்த்தாங்கியின் அடியிலோ ஒற்றை அடையை வெளியாகத் தொங்க விடும். இங்கே தொங்கியது பெரிய முறம் அளவு. கூட்டை மூடியிருப்பது தேனீக்களின் உடம்பே. மறைப்பு இல்லாத கூடு என்பதால் காவல் கடுமை. ஒன்று கொட்டினால் மற்றவற்றை அழைக்கும் வாசனை அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும், கிட்டத்தட்ட வாழைப்பழ மணம். அடித்து நசுக்கினாலும் அதே மணம்தான் வெளிவரும். துவாயால் விசிறி அடிக்கிறவரை நோக்கி இன்னும் நூறு வருவது இதனால். துரத்தும் தூரமும் சாதாரணமானதல்ல, சில நூறு மீற்றர் வரை வரும். சீகிரியாவில் பார்வையாளர் ஓடி ஒளியக் கம்பிவலைக் கூண்டு வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இரவு வெளிச்சத்துக்கும் வரும், நிலாக் காலத்தில் இரவிலும் பறக்கும். முதல் நாள் இரவு விறாந்தை விளக்கடியில் ஏழெட்டுத் தேனீ விழுந்து கிடந்ததை அம்மம்மா கண்டிருக்கிறார். ஈர்க்குமாறால் கூட்டித் தள்ளினாராம். அதைக் கண்ட ஒரே ஆள் அவர்தான். கேட்க ஆள் இருந்திருந்தால் அதுவே இரண்டாவது எச்சரிக்கை.

அந்தப் பின்னேரம்

மூன்று மணி கடந்திருக்கும். காற்று பலம். பையன்கள் புல்லில் டெனிஸ் பந்தால் கிரிக்கெட். கனடாவிலிருந்து வந்திருந்த மாமா, கறுப்பு ரீசேர்ட்டோடு ஊஞ்சலில் அரைத் தூக்கம். கல்லடுப்பில் இரவுக் கோழிக்காகக் கரி மூட்டத் தொடங்கியிருந்தார்கள், ஈர விறகு, நல்ல புகை. சித்தி ஐந்து வயது மகளோடு காட்டு ஓரத்தில் பைனஸ் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

முதலில் மாமாவின் தலையில். அவர் எழும்ப முயல, வலை ஊஞ்சல் காலில் சுற்றிக்கொண்டது. விழுந்து எழுந்து, கையை வீசி வீசி ஓடினார். பையன்கள் வீட்டுக்கு நேரே ஓடியதால் இருவருக்கு இரண்டு மூன்று கொட்டோடு போயிற்று. சித்தி மகளைச் சால்வையால் முழுக்கப் போர்த்தித் தூக்கிக்கொண்டு வந்தார். மகளுக்கு ஒன்றுமில்லை. சித்திக்கு நான்கு இடத்தில், கழுத்தில் இரண்டு, கையில் இரண்டு. மாமாவைப் பிடிக்கப் போன மருமகன் ஐந்தாவது ஆள்.

விறாந்தைக் கதவை உடனே மூட முடியவில்லை, ஈரத்தில் ஊதிய பலகை. கொஞ்சத் தேனீ உள்ளே வந்துவிட்டது. வாட்சரின் மனைவி குசினியிலிருந்து வந்து எல்லாரையும் கண்ணாடி அறையிலிருந்து உள் அறைக்குத் தள்ளி, விளக்கை அணைத்து, யன்னல் திரையை மட்டும் ஒரு பக்கம் திறந்து விட்டார். உள்ளே வந்தவை வெளிச்சத்தைப் பார்த்து அந்தக் கண்ணாடியில் மோதி நின்றன. இதை எங்கே கற்றார் என்று கேட்டேன். "லயத்துல இருந்தா தெரியாதுங்களா" என்றார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு.

இனித்தான் இந்தச் சம்பவத்தின் கடுமையான இருபது நிமிடம்.

எல்லார் கண்ணும் மாமா மேல். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கி, தலைமயிருக்குள் கொடுக்குகள், வலியில் கத்தினார். (பிறகு வைத்தியசாலையில் தாதி எடுத்தவை நாற்பதுக்கு மேல்.) சித்தி ஒரு மூலையில் சத்தமில்லாமல் இருந்தார். கையெல்லாம் அரிக்குது என்றார். வீட்டில் எல்லாரும் வைத்திருக்கும் பிரிட்டோன் என்ற ஒவ்வாமைக் குளிசை ஒன்றைக் கொடுத்து, இஞ்சித் தேநீரும் கொடுத்து, கதிரையில் நிமிர்த்தி இருத்தினார்கள். ஐந்து நிமிடத்தில் சத்தி எடுத்தார். குரல் கரகரத்தது. "பயந்திட்டா" என்றார் யாரோ.

வானில் மாமாவை ஏற்றிக்கொண்டு கிளம்பத் தயாரானபோது வாட்சர்தான் குறுக்கே நின்றவர்: "ஐயா சத்தம் போடுறாரு, பேசுறாரு. அம்மா பேசல. அம்மாவ மொதல்ல ஏத்துங்க." கொழுந்துக் காட்டில் இப்படி ஒருவர் விழுந்ததை அவர் பார்த்திருக்கிறார். இருவரையும் ஏற்றினார்கள். சித்தியை ஆசனத்தில் படுக்க வைத்தார்கள். அதற்குள் உதடு தடித்து, கை சில்லிட்டிருந்தது.

தேனீ கொட்டுவதில் இரண்டு வகை ஆபத்து உண்டு, இரண்டும் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. ஒன்று விஷத்தின் அளவு. ஆரோக்கியமான வளர்ந்தவர் ஒருவரை விஷமே கொல்லச் சாதாரணமாகப் பல நூறு கொட்டு வேண்டும். அதற்குக் குறைந்த எண்ணிக்கையிலும் தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அது மணிக்கணக்கில், நாள்கணக்கில் தெரியவரும், சிறுநீர் தேயிலைச் சாயம் போல வந்தால் அதன் அடையாளம். மாமா இந்த வகை. மற்றது ஒவ்வாமை. அதற்கு ஒரு கொட்டுப் போதும், நிமிடக்கணக்கில் இரத்த அழுத்தம் விழும், மூச்சுக்குழல் இறுகும். சித்தி இந்த வகை. சத்தி, குரல் மாற்றம், தடிப்பு, மயக்கம் என்று சேர்ந்து வந்தால் அது பயமல்ல. ஒவ்வாமைக் குளிசை அரிப்பைக் குறைக்கும், விழுகிற இரத்த அழுத்தத்தை நிறுத்தாது. அதற்கு மருந்து அட்ரினலின் மட்டும்தான், வளர்ந்தவருக்குத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் 0.5 மில்லிகிராம். அது கிடைக்கும் வரை படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு விடக் கஷ்டமென்றால் மட்டும் சாய்த்து இருத்தலாம். திடீரென எழுப்பி நிறுத்துவது ஆபத்து.

அம்புலன்ஸ் விடயம். 1990 சுவசெரிய, 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி நாடு முழுக்க விரிந்த இலவசச் சேவை. எண் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சிக்னல் இல்லை. கொழும்புக்காரர்களின் போன்கள் கேற்றடியில் மட்டுமே வேலை செய்யும், கேற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே தேனீ. குசினியில் வாட்சரின் மனைவி வைத்திருந்த பட்டன் போன், வேறு நிறுவனத்தினது, எடுத்தது. அம்புலன்ஸ் வரும் வரை காத்திராமல் வான் கீழே இறங்க, பிரதான வீதியில் இரண்டும் சந்தித்தன. சித்தியை அதில் மாற்றி ஒக்சிஜன் கொடுத்துக் கொண்டுபோனார்கள். வைத்தியசாலை வாசலிலேயே ஊசி. சில நிமிடத்தில் நாடி திரும்பியது. ஒவ்வாமை சில மணி நேரம் கழித்து இரண்டாம் தரம் வரக்கூடும் என்பதால் இரவு முழுக்க வைத்திருந்தார்கள். மாமாவை இரத்தமும் சிறுநீரும் பார்க்கவென்று மறித்தார்கள், சிறுநீரகம் தப்பியது. மற்ற மூவரும் அன்றே வெளியே.

பையன் அடித்த பந்தா?

குடும்பத்துக்குள் இன்று வரை ஓயாத கேள்வி இது. பன்னிரண்டு வயதுப் பையன் அடித்த பந்து மரத்தில் பட்டது என்கிறார் மாமா. கரிப் புகை என்கிறார் சித்தப்பா. வாட்சர் சொல்வது மூன்றாவது: அன்று காலையும் மத்தியானமும் ஒரு தேன்பருந்து அந்த மரத்தைச் சுற்றியது. தேன்பருந்து அடையைப் பிய்க்க வரும், கலைந்த கூட்டம் கீழே இருப்பவர் மேல் இறங்கும். தோட்டங்களில் இது தெரிந்த கதை.

டெனிஸ் பந்து அடிமரத்தில் பட்டு இருபத்தைந்து மீற்றர் மேலே உள்ள கிளை அதிரும் என்று எனக்குத் தோன்றவில்லை. புகை சாத்தியம், கூட்டுக்கு நேர் கீழே தீ மூட்டுவது எப்போதும் கெடுதல். பருந்தும் சாத்தியம், அந்தக் காற்றில் கிளை ஆடியதும் சாத்தியம். எது என்று தெரிந்தால் பையன் மீதுள்ள பழி போகும், அந்தளவில் நல்லது. ஆனால் பந்து இல்லாவிட்டால் புகை, புகை இல்லாவிட்டால் பருந்து. கூடும் ஊஞ்சலும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருந்தன. பையனைச் சாட்டுவது பெரியவர்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

உரிமையாளரின் முதல் யோசனையும் நான் சொன்னதும்

டீச்சரின் முதல் யோசனை, இரவில் ஆள் ஏற்றிக் கூட்டைக் கொளுத்துவது. வேண்டாமென்றேன். முப்பது மீற்றர் மரத்தில் இருட்டில் பந்தத்தோடு ஏறுகிறவர் விழுந்தால் இதைவிடப் பெரிய வழக்கு. வறண்ட காலத்தில் யூக்கலிப்டஸ் எண்ணெய் மரத்தில் தீ வேறு. எரித்தாலும் அடுத்த பருவம் வேறொரு கூட்டம் அதே கிளையைக் கண்டுபிடிக்கும். தேனீயை நகர்த்துவது கஷ்டம், ஊஞ்சலை நகர்த்த அரை மணி நேரம். இப்போது அது பேரி மரத்துக்கும் ஒரு தூணுக்கும் நடுவே தொங்குகிறது. படம் முன்னைப்போல் அழகாக இல்லை. கல்லடுப்பும் இடம் மாறியது. ஜூன் தொடங்கி செப்டம்பர் முடியும் வரை காட்டு ஓரத்துக்குக் குறுக்கே கயிறு. விறாந்தைக் கதவைத் தச்சர் சீவி, இப்போது ஒரு தள்ளில் மூடுகிறது. குசினிச் சுவரில் ஒரு நிலையான தொலைபேசி, அதன் மேல் 1990, கிட்டிய வைத்தியசாலையின் எண், வீட்டுக்கு வழி சொல்லும் இரண்டு வரி.

எனக்கு முக்கியமாகப்பட்டது வேறு. எல்லா வாகனமும் வந்து சேர்ந்த பிறகு, தேநீர் கொடுக்கும்போது, எல்லாரையும் விறாந்தையில் வைத்து வாட்சரே பேச வேண்டும். சும்மா சொல்வதில்லை, முற்றத்தில் நிறுத்தி அண்ணாந்து கூட்டைக் காட்ட வேண்டும். கண்ணால் கண்டவர் தும்புத்தடியை நினைக்க மாட்டார். எந்த இடத்தையும் மூடும் அதிகாரம் வாட்சருக்கு உண்டு, டீச்சரைக் கேட்கத் தேவையில்லை என்று உரிமையாளர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். முதலில் தயங்கினார். "விருந்தாளிகள் என்ன நினைப்பினம்?" என்றார். பிறகு கொடுத்தார். வாட்சர் அதைப் பொலித்தீன் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறார்.

காசு விடயம் சுருக்கமாக முடிந்தது. தங்காத இரவுகளின் வாடகை திரும்பியது, வைத்தியசாலைச் செலவு அரச வைத்தியசாலை என்பதால் பேசும்படி இல்லை, வேறு நட்டஈடு குடும்பம் கேட்கவில்லை. இப்படியான வீடுகளை நடத்துகிறவர்கள் விருந்தாளிக்கு நேரும் காயத்துக்குக் காப்புறுதி எடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது. டீச்சர் எடுத்திருக்கவில்லை. சித்தி இப்போது தன் ஒவ்வாமையைக் குறித்த வைத்தியரின் கடிதத்தைக் கைப்பையில் வைத்திருக்கிறார், கொழும்பில் ஒவ்வாமைப் பரிசோதனைக்கும் போனார்.

மரங்கள் இன்னும் தீராத விடயம். அவை வீட்டுக்குச் சொந்தமில்லை, எல்லைக்கு அப்பால் தோட்டத்தினுடையவை. அதே கூட்டுக்குக் கீழே, கயிற்றுக்கு மறுபக்கம், கொழுந்து மலை. பெண்கள் முறைப்படி அங்கே பறிக்க வருகிறார்கள். வேலையில் காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, கேட்டு வாங்குவது வேறு கதை. விருந்தாளிகளுக்காக மூன்று மொழியில் அடித்த எச்சரிக்கைத் தாளை அங்குள்ள கங்காணி வாசித்துவிட்டு, தமிழ்ப் பிரதி மட்டும் ஒன்று கேட்டார், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் ஒட்ட. கொடுத்தேன். மூன்றாவது வரியை விரலால் காட்டி, "வீட்டுக்குள்ள போயி கதவ மூடவும்னு இருக்குங்களே, மலையில எந்த வீட்டுக்குப் போறது?" என்றார். கிட்டிய கூரை அந்த மடுவம்தான், அதற்கும் கதவில்லை. மடுவத்துக்குக் கதவும் வலையும் போடக் கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கு டீச்சர் பெயரில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தாளில் அந்த வரியை இப்போதைக்கு வெட்டிவிட்டு, "தலையைச் சாக்கால் மூடிக்கொண்டு காற்றாடாத பக்கம் ஓடவும், கையை வீச வேண்டாம்" என்று கங்காணியே கையால் எழுதிக்கொண்டார்.